பசை ஒட்டிய கை

இருளம்மாள் பிறந்த குடிசை, கூலிக்குக் குனிந்த காடு, அவளுடைய அப்பன் கட்டுண்டு அடிபட்ட புளியமரம் எல்லாமே பண்ணையார் சண்முகவேலுக்குச் சொந்தம். மழை பொய்த்து, பண்ணையில் வேலை அற்றுப்போன வருஷம் அவள் நாரணாபுரம் பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டப் போனாள். விரல் ரேகை தேயும் வரை ஒட்டினாள். அதனால்தான் தெருப் பிள்ளைகள் பலர் விடிவதற்கு முன்பே கம்பெனி வண்டியில் ஏறியபோதும், மகள் வள்ளித்தாயை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். இந்தக் கை பசையில் நனையக் கூடாது. அவளுக்கு இருந்த ஒரே வீம்பு அது.

பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடத் தொடங்கிய மறுவருஷம், ஒரு மாலை வள்ளித்தாய் வாந்தியெடுத்துக்கொண்டே வீடு வந்தாள். மகளின் கையைத் தூக்கி முகர்ந்தவுடன் இருளம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏட்டி, இந்தப் பசை எங்கன ஒட்டுச்சு?"

"கைத்தொழில் பீரியடுலம்மா. நம்ம தெருப் பிள்ளைக எல்லாம் தீப்பெட்டி ஒட்டணும். மேலத் தெருப் பிள்ளைக தக்ளி சுத்தி நூல் நூப்பாக."

"கையக் கழுவிட்டுச் சோறு திங்க வேண்டியதுதான?"

"தண்ணிப் பானைய நாங்க தொடக் கூடாதுல்லா? அவுகதான் தூக்கி ஊத்தணும். சாப்பாட்டு மணி அடிச்சா அவுக ஓடிப் போயிருவாக."

அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி அரிக்காமலிருக்க என்று கம்பெனியில் சொல்வார்கள். பசித்த பிள்ளைகள் நக்கித் தின்றுவிடாமலிருக்கவும்தான் என்பது ஒட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கையோடு சர்க்கார் போட்ட சோற்றைப் பிசைந்து தின்றிருக்கிறது பிள்ளை. ஒரு கையில் விஷத்தைப் பூசிவிட்டு, அதைக் கழுவத் தண்ணீரும் கிடையாது என்று சொல்லும் கொடுமைக்குத்தான் இந்த நாட்டில் ஆசாரம் என்று பெயர்.

அந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி, போலீஸ், தாலுகா கச்சேரி, எதுவானாலும் தாங்களாகப் போய்ப் பேச மாட்டார்கள். பண்ணை வீட்டுப் பின்கட்டில் நின்று, "ஐயா ஒரு வார்த்தை சொல்லணும்" என்று கும்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தை நடத்துகிறவரே பண்ணையார்தான் என்பதால், காரியம் சீக்கிரம் முடியும் என்று இருளம்மாளும் நம்பிப் போனாள்.

பண்ணையார் முழுதாகக் கேட்டார். பிறகு திருநீற்றுத் தட்டை எடுத்துவரச் சொன்னார்.

"உச்சி நேரத்துல ஓடைப் பக்கம் போயிருப்பாட்டி. காத்துக் கருப்பு அடிச்சிருக்கும். இதப் பூசி விடு. வாத்தியார்கிட்ட நான் சொல்லிருதேன்."

துத்தத்துக்குத் திருநீறு! படித்த மனிதர், பத்திரிகை வாங்குகிறவர் சொன்ன வைத்தியம் அது.

வாத்தியாரிடம் சொல்லத்தான் செய்தார். மறுநாள் தலைமையாசிரியர் ரத்தினசாமி வள்ளித்தாயை வகுப்புக்கு வெளியே வெயிலில் நிறுத்திவிட்டார். கைத்தொழில் மணி அடித்தபோது மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

இருளம்மாள் கம்பெனியில் இதைச் சொல்லி அழுதபோது, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பத்திரகாளி கோணலாக ஒட்டிய பெட்டி ஒன்றை எடுத்து அவள் மடியில் எறிந்தாள்.

"இந்த லோடு எங்கன இருந்து வருதுன்னு நெனச்ச? உம்மவ பள்ளிக்கூடத்துல இருந்துதான். நம்ம மொதலாளி யாரு? பண்ணையாருக்கு மச்சான். திருடன் வீட்டுக் கதவத் தட்டி, என் வீட்ல திருட்டுப் போச்சுன்னு அழுதுட்டு வந்திருக்கயே, நீயெல்லாம் ஒரு பொம்பள!"

இருளம்மாள் கண்ணைத் துடைத்தாள். அன்றைய கூலி போனால் போகட்டும் என்று எழுந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வாசலில் நின்று கூப்பிடவில்லை. உள்ளே போனாள்.

ரத்தினசாமி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "யாரு உள்ள விட்டா? வெளிய நில்லு!"

"பெத்தவ சார். எம்மவளுக்கு என்ன சொல்லிக் குடுக்கீக?"

"தொழில். சர்க்கார் திட்டம். ஒனக்கு வெளங்காது."

"அந்தத் தொழிலத்தான சார் நான் தெனம் பாக்கேன்? அதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? பண்ணையார் பேரன் ஒரு பெட்டி ஒட்டுனானா?"

"ஒம்மவ படிச்சுக் கலெக்டர் ஆகப் போறாளாக்கும்?"

"ஆகாட்டிப் போறா. கையக் கழுவிட்டுச் சோறு திங்கட்டும்."

"வேணும்னா ஒங்களுக்குன்னு தனிப்பானை வாங்கி வைக்கச் சொல்லுதேன். போ."

"தனிப்பானை எங்க வீட்லயே இருக்கு சார்."

அன்று சாயங்காலம் அவள் பண்ணை வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. தன் தெருவில் வீடு வீடாக ஏறினாள். புருஷன் செல்லப்பாண்டி, "நமக்கெதுக்குப் பொல்லாப்பு?" என்று பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தான். "பொல்லாப்பு ஒம்மவ வயித்துக்குள்ள போயிருச்சு" என்றாள். மறுநாள் அந்தத் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட வகுப்புக்குள் போகவில்லை. பள்ளி வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். காவலுக்கு இருளம்மாள் இருந்தாள்.

மேலத் தெருப் பிள்ளைகள் ஒரு பெஞ்சுக்குக்கூடக் காணாது. பிள்ளைகள் வந்தால்தான் சர்க்கார் மானியம் வரும். இன்ஸ்பெக்டர் பார்வையிட வரப்போவதாகத் தகவல் வேறு வந்திருந்தது. பண்ணையாரின் மச்சான் ஆள் அனுப்பி, இருளம்மாளைக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னான். அவள் மரத்தடியை விட்டு எழவில்லை.

இன்ஸ்பெக்டர் வரும் அன்று காலையில், ரத்தினசாமியே தெருவைக் கடந்து வேப்பமரத்தடிக்கு வந்தார். பெட்டி ஒட்டும் சாமான்களை வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று, பிள்ளைகள் உள்ளே வரலாம் என்றார்.

"தண்ணி?" என்றாள் இருளம்மாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். பிள்ளைகளும் அவளும் பின்னால் போனார்கள். பானையருகே நின்று, செம்பில் தண்ணீர் மொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வள்ளித்தாயின் கைக்கு மேலே எட்ட நின்று சாய்த்தார். தண்ணீர் பாதி மண்ணில் விழுந்தது.

"தூக்கி ஊத்தாதீக சார்" என்றாள் இருளம்மாள். "செம்பப் பிள்ளை கையில குடுங்க. அவளே மொண்டுக்கிடுவா."

ரத்தினசாமி அவளை வெறித்துப் பார்த்தார். தெற்கே ரோட்டில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. செம்பை நீட்டினார். வள்ளித்தாய் அதை வாங்கி, பானைக்குள் கைவிட்டு மொண்டு, நிதானமாகக் கழுவினாள். பிறகு செம்பை அடுத்த பிள்ளையிடம் கொடுத்தாள்.

மறுநாள் மேலத் தெருக்காரர்கள் அந்தப் பானையை உடைத்தார்கள். புதுப்பானை வந்தது. பிள்ளைகள் அதையும் தொட்டார்கள். எத்தனை பானையை உடைப்பது? சில நாளில் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இருளம்மாளை நாரணாபுரம் பக்கம் எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. தள்ளியிருந்த ஏழாயிரம்பண்ணை ஊருக்கு வண்டியேறிப் போய், அங்கே பட்டாசுக்குத் தாள் சுற்றினாள். பண்ணையார் எதிரே வந்தால் முன்போல ஒதுங்கி நிற்பதில்லை. ரோட்டின் தன் பாதியில் நடந்து போனாள்.