ரெண்டாம் பாகத்துக்கு ஆள் வேணும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், நம்மகிட்ட வர்றவங்க எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுவாங்க: "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு."

பிரெண்ட்ரே

பள்ளிக்கூடத்துல எனக்கும் அந்தோணிக்கும் ஒரே பெஞ்சு, ஆடுறதுக்கு ஒரே கம்ப்யூட்டர். அதுவும் அவங்க வீட்டுது. பிரான்ஸ்ல இருந்து அவன் சித்தப்பா ஒரு கேம் சிடி கொண்டு வந்தார். ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், கிளிக் பண்ணிப் பண்ணித் துப்பு தேடணும். எல்லாம் பிரெஞ்சு. எங்களுக்கு ஒரு எழவும் புரியாது.

கீழே இருந்த ஒரு கட்டளையை 'பிரெண்ட்ரே'ன்னு எழுத்துக் கூட்டிப் படிச்சு, ஃபிரெண்டாக்கிக்கிறதுக்குன்னு முடிவு பண்ணிட்டோம். கயித்தை ஃபிரெண்டாக்கினா கயிறு பைக்குள்ள வந்துச்சு. சாவியும் வந்துச்சு. அது 'எடு'ங்கற வார்த்தைன்னு அவன் பிரான்சுக்குக் குடிபோனப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த முதல் பாகத்துல கதை பாதியில நின்னுடுச்சு. ரெண்டாம் பாகம் வந்தா சேர்ந்துதான் விளையாடணும்னு பேச்சு. ஆடின காலத்துல அந்தோணிக்கு ஒரே ஒரு குறைதான்: "வெளக்குக் காவக்காரன் மட்டும் ஃபிரெண்டாக மாட்டேங்கறான்டா."

நிக்கிற ஆள்

இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ரெண்டாம் பாகம் இப்பதான் வந்துச்சு. வாங்கிக் கடைக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். அந்தோணிக்குச் சொன்னேன். "லீவு கிடைக்கட்டும்டா, போன்ல பேசிக்கிட்டே ஆடலாம்"னான். அவன் இல்லாம ஒரு கிளிக் கூடப் பண்றதில்லைன்னு இருந்தேன். ஹீரோ படகுத்துறையிலேயே நின்னான்.

நெடுங்காட்டுலேருந்து பாலு சார் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வருவார், எந்தக் கோளாறைச் சொன்னாலும் நான் ஃபேன்ல தூசின்னுதான் சொல்லுவேன். மூணாவது தடவை வந்தப்போ என் திரையையே பார்த்தார்.

"மூணு வாரமா அந்த ஆளு ஒரே இடத்துல நிக்கிறான் தம்பி, ஃபேனைக் கழட்டிப் பாருங்க, தூசியா இருக்கும்."

ஞாயித்துக்கிழமை

அங்க சர்ச்சுல காலைப் பூசை முடிஞ்சு அந்தோணி கூப்பிட்டான். இங்க மத்தியானம். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, மவுஸைக் கையில பிடிச்சுக்கிட்டு, "ஆரம்பிக்கலாமா?"ன்னேன். அவன் மக ஆசைப்பட்டாளாம், ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆடினாங்களாம். அந்தப் பொண்ணு மேல எனக்கென்ன கோவம்? ஆனா மவுஸைத் தள்ளி வச்சுட்டேன். அவனை எனக்கு அவ்வளவு தேடுது, அதை அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவன்தான் கேட்டான்:

"நாங்க போன வாரமே முடிச்சுட்டோம்டா, முடிவைச் சொல்லிடவா?"

வேண்டாம்னுட்டேன், ஊர்ல யார் மெஷின் நின்னாலும் ஓட வைக்கிற நான், இப்போ கேம்ல வழி தெரிஞ்ச இடத்துலயும் தெரியாதவன் மாதிரி நின்னு, வாரத்துக்கு ரெண்டு தரம் அவனைக் கூப்பிட்டு வழி கேட்டுக்கிட்டிருக்கேன்.