கூடைக்காரன் தாரோவுக்காகத் திருத்தணி போனேன்

குடியாத்தத்திலிருந்து திருத்தணிக்குப் போகிறவர்கள் வேலூர் போய், சோளிங்கர் வழியாகப் பஸ் பிடிப்பார்கள். நான் கடைச் சரக்கு வண்டியில் காட்பாடி போய் ரயில் ஏறி, அரக்கோணத்தில் இறங்கி, அங்கே வேறு வண்டி மாறிப் போனேன். தோளில் ஐந்தடி மூங்கில் கம்பு, அதன் இரண்டு நுனியிலும் இரண்டு கூடை. இதோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் விடமாட்டான்.

இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம். விடியற்காலை ஐந்தரைக்கு மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கம்பும் கூடையுமாக வாசலில் இறங்கினேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க, காவடியா? சொல்லவே இல்ல."

"காவடி இல்லடி. கூட்டாளிங்களப் பாக்கப் போறேன்."

"இன்னிக்கா? திருத்தணிக்கா?" என்று சிரித்தாள். "போயி வாங்க, போயி வாங்க."

கேலி செய்கிறாள் என்று நினைத்து நடந்துவிட்டேன். இரண்டு வருடமாக வீட்டில் எனக்குக் கேலிதானே.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு, இதே மாதிரி கம்பில் இரண்டு கூடையைக் கட்டி, அலுமினியப் பாத்திரம் சுமந்து ஊர் ஊராக விற்றவன். இன்று குடியாத்தம் கடைத்தெருவில் மூன்று ஷட்டர் போட்ட பாத்திரக்கடை என்னுடையது. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். ஒருநாள் பேரப்பிள்ளைகள் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஜப்பான்காரன் போட்ட பொம்மைப் படம் ஒன்று தமிழில் ஓடியது. 'கூடைக்காரன் தாரோ.' மஞ்சள் துணி உடுத்திய ஒரு பையன், தோளில் கம்பு, இரண்டு கூடை. ஒரு கூடையில் அரிசியும் மாற்றுத் துணியும். இன்னொரு கூடை சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கும், திறக்கவே மாட்டான். அதை மலை உச்சிக் கோயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வழியெல்லாம் பேய், ராட்சசன், திருடன். என் வாழ்க்கையை எவன் ஜப்பானுக்குப் போய்ச் சொன்னான் என்று அசந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. தினம் சாயங்காலம் கடையை மூத்த மகனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருவேன். அப்படிப்பட்ட நேரத்தில், தாரோ மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்த கட்டத்தில், சேனல்காரர்கள் அதை நிறுத்திவிட்டு வேறு எதையோ போட்டார்கள். அந்தக் கூடையில் என்ன இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் எவனுக்கும் தெரியாமல் போனது.

நான் விடுகிற ஆள் இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மணிக்கு இருபது ரூபாய். ஒரே மாதத்தில், ஒற்றை விரலால், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கப் பழகினேன். தாரோவைப் பற்றிப் பேசுவதற்கென்றே இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதில் 'மலைப்புலி' என்று பெயர் வைத்துக்கொண்டு சேர்ந்தேன். எல்லாம் பெரிய எழுத்தாக அடிப்பேன். "கத்தாதேடா" என்று எழுதுவார்கள். கம்ப்யூட்டரில் பெரிய எழுத்து என்றால் கத்துவதாம். நான் கடையிலும் அப்படித்தான் பேசுவேன் என்று எழுதினேன்.

குழுவுக்கு இரண்டு விதி. ஊர், பேர், வயசு, போன் நம்பர் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. முடிவு தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் சொல்லக் கூடாது.

சிவப்புத் துணிக் கூடையில் கருங்கல்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு பக்கம் சரக்கு குறைந்தால் அந்தப் பக்கம் கல் வைத்துச் சமன் செய்வோம். சுமந்தவனுக்குத் தெரியும். 'ரத்தவாள்' என்று ஒருவன் மட்டும் விடாமல் எதிர்ப்பான். "டேய் பொடியா, கோயிலுக்கு எவனாவது கல்லக் கொண்டுபோவானா? நைவேத்தியம்டா அது" என்று எழுதுவான். இரண்டு வருடம் இந்தச் சண்டை.

அந்த வருடம் ஆனி மாதம் 'எமகிங்கரன்' என்கிறவன் எழுதினான்: கடைசிப் பாகம் சி.டி.யாகக் கையில் இருக்கிறது, ஆனால் அடுத்த மாதக் கடைசியில் மஸ்கட்டுக்குப் போகிறேன். போவதற்கு முன் ஒருநாள் எங்காவது கூடிப் பார்க்கலாமா? நாள், இடம் குறிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். தாரோவுக்கு மலை வேண்டும், எல்லாருக்கும் ரயில் வேண்டும், ஆகவே திருத்தணி. ஆடியில் கல்யாணம் இல்லை, பாத்திரக்கடையில் ஈ ஓட்டுகிற மாதம், ஆகவே ஆடியில் ஒரு நாள். ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க அடையாளமும் நானே சொன்னேன்: எல்லாரும் தாரோ மாதிரி மஞ்சள் துணி உடுத்தி, தோளில் கம்பு வைத்துக்கொண்டு, சரவணப் பொய்கைப் பக்கம் படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்துக்குப் பத்து மணிக்கு வரவேண்டும். ஆயிரம் பேர் நடுவிலும் பளிச்சென்று தெரியும் என்று எழுதினேன். அபாரம் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

காட்பாடியிலிருந்து அரக்கோணம் பாசஞ்சரில் பதினோரு ரூபாய். நிற்க இடமில்லை. அரக்கோணத்தில் திருத்தணி வண்டிக்கு மாறும்போதுதான் பிளாட்பாரத்தை நன்றாகப் பார்த்தேன். மஞ்சள் வேட்டி. பக்கத்தில் இன்னொரு மஞ்சள் வேட்டி. அதன் தோளில் கம்பு. எனக்கு ஒரே பூரிப்பு. குழுவில் இத்தனை பேரா என்று அந்த ஆளிடம் போனேன்.

"தாரோவா?" என்றேன்.

"அரோகரா!" என்றார் அவர்.

பெட்டி முழுக்க மஞ்சள். பெட்டி முழுக்கக் காவடி. பக்கத்தில் நின்ற பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் ஒருவர் என் கூடைகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, காவடில பூவக் காணோம்?"

"இன்னிக்கு இன்னா விசேஷம்?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "ஆடிக் கெர்த்திகைக்குக் காவடி தூக்கிக்கினு வந்து, இன்னிக்கு இன்னா விசேஷம்ன்றார்யா!"

அந்தச் சிரிப்பு திருத்தணி வரைக்கும், பதிமூன்று கிலோமீட்டரும், ஓயவில்லை. நான் குறித்த நாள் முருகனுக்குக் காவடி எடுக்கிற ஆடிக் கிருத்திகை. சரோஜாவின் சிரிப்புக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ கிடையாது, ரோடு முழுக்க ஆள். நடந்தேன். பத்து மணிக்கு நான் சொன்ன இடத்தில் நின்றேன். எனக்கு முன்னால் மஞ்சள், பின்னால் மஞ்சள், பொய்கையில் முங்கி எழுந்தவர்கள் ஈர மஞ்சள். நின்ற இடத்தில் நிற்க விடாமல் கூட்டம் இடித்துத் தள்ளுகிறது. ஒருவர் தோளைத் தட்டி "எமகிங்கரனா?" என்று கேட்டேன். காவடி எடுத்து விரதம் இருந்து வந்த மனிதர், என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை.

பதினொன்றரை ஆயிற்று. இரண்டு மணிப் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன் என்று எமகிங்கரன் எழுதியிருந்தான். போனால் மஸ்கட். சி.டி.யும் மஸ்கட். நான் அந்தக் கூடைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே கண்ணை மூடவேண்டியதுதான்.

காணாமல் போனவர்களைப் பற்றி மைக்கில் சொல்லுகிற பந்தல் ஒன்று தெரிந்தது. போனேன். மைக் முன்னால் இருந்தவர் தொண்டை கட்டி, சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு தொலஞ்சது, பெரியவரே? பேரு சொல்லுங்க."

"பேரு தெரியாது."

"வயசு?"

"அதுவும் தெரியாது."

"இன்னா துணி போட்டுக்கினு இருந்தாங்க?"

"மஞ்சத் துணி. தோள்ல கம்பு."

அவர் சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மலையைக் கையால் காட்டினார். "எட்த்துக்கோங்க. எல்லாம் உங்க ஆளுங்கதான்."

"சரி, மலைப்புலி இங்க வந்து நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. புரிஞ்சிக்கினு வருவாங்க."

"நைனா! இத்தினி ஜனத்துக்கு நடுவுல, மலைல புலி வந்து நிக்குதுன்னு மைக்குல சொல்லணுமா? என்னை ஜெயில்ல போட்டுடுவாங்க."

தாரோ குழுவினர் பந்தலுக்கு வரவும் என்று மூன்று தரம் சொன்னார். எவரும் வரவில்லை. கூப்பிட்டால் வருகிற கூட்டமா அது? எனக்குத் தெரியாதா! இரண்டு வருடம் அந்தக் குழுவில் இருந்தவன். அங்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், ஒரு மாதம் ஆனாலும் பதில் வராது. தப்பாக ஒன்று எழுதிப் பாருங்கள். பல் விளக்காமல்கூட வந்து திருத்துவார்கள்.

மைக்கை வாங்கினேன். ஆனால் தப்பாகச் சொல்ல வாய் வரவில்லை. சுமை விஷயத்தில் தப்புச் சொன்னான் என்று என்னை இதுவரை எவனும் சொன்னது கிடையாது. தாரோ கம்பை வலது தோளில்தான் வைப்பான், இடது தோளில் பட்ட காயம் முதல் பாகத்திலேயே வரும். அதைத் தெரிந்துகொண்டே, ஊரறிய, மலையறிய, முருகன் அறியச் சொன்னேன்:

"கூடைக்காரன் தாரோ, கம்ப எடது தோள்லதான் தூக்குவான்! எடது தோள்லதான்! இல்லன்றவன் இங்க வந்து சொல்லுடா!"

பெரிய எழுத்தில் சொன்னேன்.

மைக்குக்காரர் என் கையைப் பிடித்தார். அதற்குள் பொய்கைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "வலது!" மஞ்சள் சட்டை போட்ட இரண்டு சென்னைக் கல்லூரிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஸ்டம்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். "வலது தோளு! மொத எபிசோடே பாக்காம பேச வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே அவர்களுக்குப் பின்னால், மஞ்சள் சேலை கட்டிய ஒல்லியான ஒரு பெண், சுருட்டிய குடையைத் தோளில் சாய்த்தபடி, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. மேல் படியிலிருந்து, இடுப்பில் துண்டு, கையில் பெரிய கரண்டி, ஒருவன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.

"எவன்டா அது? டேய் மலைப்புலி, நீதானே? இப்பிடிப் பேசறவன் நீ ஒருத்தன்தான்டா..." என்று பந்தலுக்குள் நுழைந்தவன், என் நரைத்த மீசையைப் பார்த்தான். "...ங்க," என்று முடித்தான்.

அதுதான் ரத்தவாள். பெயர் கோபு. பரம்பரையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். புளியோதரை கிளறிக்கொண்டிருந்தவன் ஸ்பீக்கரில் கேட்டுக் கரண்டியோடு இறங்கிவிட்டான்.

"டேய் ரத்தவாளு," என்றேன். "உள்ளூர்ல இருந்துக்கினு, இன்னிக்குக் கெர்த்திகைன்னு சொல்லக் கூடாதாடா?"

"ஊரச் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கேங்க," என்றான் கோபு. "நீங்களே பாத்துதான் நாள் வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்... ங்க." ஒவ்வொரு பேச்சுக்கும் கடைசியில் அந்த 'ங்க'வைத் தேடி எடுத்துப் போட்டான்.

"எமகிங்கரன் எங்க?" என்றேன்.

குடை வைத்திருந்த பெண் கையைத் தூக்கினாள். புத்தூரில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற கிரேஸ் டீச்சர். கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிற கணவரிடம் போகிறாள். "கும்பல்ல ஒரு அம்மா நெத்தில விபூதி பூசிட்டாங்க, நைனா. எங்க சபையில பாத்தா என்ன சொல்வாங்களோ! வேணாம்னு சொல்ல மனசு வரல," என்றாள். இவளையா நான் 'வெளியே வா, எலும்பை எண்ணிவிடுகிறேன்' என்று எழுதினேன்? அவள் அதற்கு எழுதிய பதிலை இங்கே சொல்ல முடியாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தது. மணிக்குப் பதினைந்து ரூபாய், எங்கள் ஊரைவிட ஐந்து ரூபாய் மலிவு. ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தோம். படம் ஜப்பான் பாஷை, கீழே இங்கிலீஷ் எழுத்து. டீச்சர் எல்.கே.ஜி.யில் கதை சொல்லுகிற மாதிரியே குரலை மாற்றி மாற்றித் தமிழில் சொன்னாள். காவடியோடு வெயிலுக்கு ஒதுங்கிய நாலைந்து பேர் எங்கள் பின்னால் நின்றார்கள். மஞ்சள் துணியோடு மலை ஏறுகிறவனைப் பார்த்ததும், "யாரு சாமி இது, எந்த ஊரு முருகன்?" என்று ஒருவர் கேட்டார். "ஜப்பான்," என்றான் கோபு. "அங்கேயுமா!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தாரோ உச்சிக்குப் போனான். கம்பை இறக்கினான். சிவப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தான்.

கருங்கல் இல்லை. நைவேத்தியமும் இல்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர் மெதுவாக "அரோகரா" என்றார். கோபு கரண்டியால் முகத்தை மறைத்துக்கொண்டான். நான் அழவில்லை, கம்ப்யூட்டர் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது.

"ரெண்டு வருஷம் கல்லுன்னீங்களே," என்றான் கோபு.

"நீ புளியோதரைன்னியேடா," என்றேன்.

டீச்சர் சி.டி.யை என் கையில் கொடுத்துவிட்டுப் புத்தூர் பஸ்ஸில் ஏறினாள். மஸ்கட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது, சண்டை போடலாம் என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். கோபு ஒரு பொட்டலம் புளியோதரை கொண்டுவந்து கூடையில் வைத்தான். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று கம்பையும் கூடையையும் தூக்கிக்கொண்டு மலையேறிச் சாமி கும்பிட்டேன். என்னைக் காவடி என்று நினைத்து வழிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

ராத்திரி ஊரடங்குகிற நேரத்துக்கு வீடு வந்தேன். சரோஜா புளியோதரையைப் பிரித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தச் செகப்புத் துணிக் கூடைல இன்னாதான் இருந்துச்சி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்பப் பாத்த? அடுப்புப் பக்கம் திரும்பிக்கினு இல்ல இருப்ப!"

"காது திரும்பிக்கினா இருக்குது? தோசையத் திருப்பறப்பல்லாம் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"முடிவச் சொல்லக் கூடாது. விதி," என்றேன்.

"நான் சொல்லட்டா?" என்றாள். சொன்னாள்.

சரியாகச் சொன்னாள். சி.டி.யில் இருந்தது அதுவேதான். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு கூடையும் எறக்கறப்ப, அந்தக் கூடைய மட்டும் தரையில படாம கையில ஏந்தி எறக்கறானே. கல்லப் போயி எவனாச்சும் அப்டி எறக்குவானா?" என்றாள். "நீங்க பாத்திரக் கூடைய எறக்குன சத்தம் தெரு முனைக்குக் கேக்கும்."

திருத்தணியில் அத்தனை மஞ்சள் துணிக்கு நடுவில், மைக் பிடித்துக் கத்தி நாலு பேரைக் கண்டுபிடித்தேன். ஐந்தாவது ஆள் இரண்டு வருடமாக என் வீட்டு அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்த வாரமே வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன், ரொக்கமாக. சரோஜாவும் குழுவில் சேர்ந்துவிட்டாள், என்ன பெயரில் என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாது, முதல் விதி.

கூடையில் என்ன இருந்தது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டாவது விதி உங்களுக்கும் உண்டு. குடியாத்தம் கடைத்தெருவில் மூன்று ஷட்டர் கடை எது என்று கேட்டால் குழந்தையும் காட்டும். வாருங்கள், பாத்திரம் வாங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. சி.டி. சரோஜாவிடம்தான் இருக்கிறது, போட்டுக் காட்டுவாள். அவள் தாரோவின் இடது தோளைப் பற்றி ஏதாவது தப்பாகப் பேச்செடுத்தால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் பார்த்தவரா இல்லையா என்று ஆழம் பார்க்கிறாள், திருத்தினால் குழு ஆள் என்று தெரிந்து சண்டைக்கு உட்கார்ந்துவிடுவாள்.