உட்கார்ந்த இடத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு

நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிடுவது என்று நான் முடிவு செய்தபோது எனக்கு நாற்பத்தொன்று. வேலையை விட்டபின் சோற்றுக்கு என்ன வழி என்று யோசிப்பதற்கு முன்பே, பிரிவுபசார விழாவில் நான் ஆற்றவேண்டிய ஏற்புரையை எழுதி முடித்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எழுதியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று வாசித்தும் பார்த்தேன். "இந்தத் தொழிற்சாலை எனக்கு வெறும் சம்பளம் தந்த இடமல்ல" என்ற வரியில் எனக்கே பெரிய விம்மல் வந்துவிட்டது. வெளியே துணி ஊறவைத்துக்கொண்டிருந்த என் மனைவி கதவைத் தட்டி, "இன்னாங்க, யார்னா பூட்டாங்களா?" என்று கேட்டாள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். ஒரு வாரம் காலையில் ஏ ஷிஃப்ட், மறுவாரம் மதியத்தில் பி, அதற்கடுத்து ராத்திரியில் சி. எப்போது பசிக்க வேண்டும், எப்போது கொட்டாவி விட வேண்டும் என்று என் உடம்புக்கே தெரியாமல் போயிருந்தது. ஓய்வுபெற்றால் இரண்டே வேலைகள்தான்: தூங்குவது, எழுந்தால் படிப்பது. படிப்பதற்காகத் தெருவைப் பார்த்த அறையை ஒதுக்கி, கண்காட்சிதோறும் வாங்கி வந்த தடித்தடியான புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவற்றின் முன்னுரைகளில் எனக்கு ஆழ்ந்த புலமை உண்டு.

வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கும் வழிகளை அந்நாளில் வார இதழ்கள் இலவச இணைப்பாகவே தந்துகொண்டிருந்தன. காளான் வளர்த்தேன், காளானைத் தவிர மற்றதெல்லாம் வளர்ந்தது. பினாயில் தயாரித்தேன், ஒரு மாதம் எங்கள் வீட்டு ரசம்கூட ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. அப்போதுதான் ஒரு நாள், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி என் வீட்டைப் பார்த்தேன்.

வீடு பென்னலூரில், நெடுஞ்சாலையை ஒட்டி. நான்கைந்து கம்பெனிகளின் பஸ்கள் எதிரே நின்று ஆட்களை ஏற்றிச் செல்லும். உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்து சைக்கிளிலும் மொபெட்டிலும் வருகிறவர்கள் வண்டியை டீக்கடைக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் சைக்கிள் இருக்கும், சீட் இருக்காது. எனக்கோ பெரிய முற்றம். இடம் ஏற்கெனவே என்னுடையது, வண்டி அவர்களுடையது, கொண்டுவந்து நிறுத்துவதும் எடுத்துப்போவதும் அவர்கள். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை! இப்படி ஒன்றுமே செய்யாத தொழில் ஒன்று எனக்காகவே காத்திருந்ததை நினைத்துச் சிலிர்த்துப் போனேன்.

பி.எஃப். லோன் போட்டுத் தகரக் கொட்டகை எழுந்தது. மனைவியின் கனகாம்பரப் பாத்தியில் பாதி போயிற்று. மீதிப் பாதியைக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக அவள் காப்பாற்றிக்கொண்டாள்.

"கேட்டை யாருங்க தொறந்து தொறந்து மூடறது?"

"அதுக்கெல்லாம் ஒரு சிஸ்டம் வரும்," என்றேன். கம்பெனியில் பதில் தெரியாதபோது மேனேஜர் சொல்லும் வாக்கியம் அது.

ஸ்டாண்டு தோற்றிருந்தால் பிழைத்திருப்பேன். அது அமோகமாக ஓடியது. ஒவ்வொரு கம்பெனிக்கும் மூன்று ஷிஃப்ட். ஒரு கம்பெனி பஸ் போய்ப் பத்து நிமிடத்தில் அடுத்தது. ஒரு கம்பெனியின் ஷிஃப்டிலிருந்து தப்பிக்க நினைத்த நான், நாலைந்து கம்பெனிகளின் ஷிஃப்டில் சேர்ந்துவிட்டேன். நான் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் கேட்டை யார் திறந்தார்கள் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி எனக்கு ஒரு வருடம் வரைக்கும் தோன்றவே இல்லை.

நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த சமயம், எங்கள் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். மாதக் கடைசிக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். தவறினால் ஐம்பத்தெட்டு வரை உழைக்க வேண்டியதுதான். படிவத்தை வெற்றிக் கோப்பைபோல வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி அதைப் படித்துப் பார்த்துவிட்டு டிவி மேல் வைத்தாள்.

"மாசக் கடைசி வரிக்கும் லீவு போடுங்க. ஸ்டாண்டை நீங்களே பாத்துக்கங்க. நான் கேட்டாண்ட வரமாட்டேன். நீங்க தாங்கினா கையெழுத்து போடுங்க."

சேர்ந்து கிடந்த லீவையெல்லாம் போட்டேன். முதல் வாரம் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பீரமாக உலவினேன். ஒன்பதாம் நாள், சி ஷிஃப்ட் ஆட்களை அனுப்பி, பி ஷிஃப்டில் திரும்பியவர்களின் வண்டிகளை எடுத்துக் கொடுத்து, ஏ ஷிஃப்டுக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்று கொட்டகையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். விடிவதற்கு முன், ஐந்தேகாலுக்கு வர வேண்டிய பஸ் வந்திருக்கிறது.

"யோவ், கேட்டைத் தொறய்யா! வண்டி வந்துகினு கீது!"

"தோ, ஆளு உள்ளதான் கீறாரு. குந்திகினே தூங்கறாரு!"

"எழுப்புடா!"

"மேல ஒரு கல்லு போட்டுப் பாத்துட்டேன். புரண்டுதான் உக்காருறாரு!"

இவையெல்லாம் மனைவி பிறகு சொல்லித் தெரிந்தவை. படுக்கையறை ஜன்னலிலிருந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கேட் பக்கம் வருவதில்லை என்ற வாக்கைக் காப்பாற்றினாளாம். நான் கண் விழித்தபோது கனகாம்பரத்தின் மீதிப் பாதியின் மேல் பதினான்கு சைக்கிள்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. சுவருக்கு மேலாகத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்திருந்தார்கள்.

மொபெட்டைத் தூக்கிப் போட முடியாது. கேட்டுக்கு வெளியே ஒருவன் அதைப் பிடித்தபடி நின்றிருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. டீக்கடைக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஏற்கெனவே ஒரு மொபெட்டை அங்கே பறிகொடுத்தவன்.

"இந்த மாசம் ஒரு நாளு லீவு போடல, அண்ணாச்சி. இனிமே அட்டெண்டன்ஸ் போனஸ் கிடையாது, பாத்துக்கிடுங்க," என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி நிம்மதி அடைந்திருப்பேன்.

மனைவி வெளியே வந்தாள். "சட்டைய மாட்டிகினு ஸ்கூட்டரை எடுங்க. கொண்டு போய் வுட்டுட்டு வாங்க." கொண்டுபோய் விட்டேன். அவன் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி கடிகாரத்தைக் காட்டினார். அதே ஸ்கூட்டரில் இருவரும் திரும்பினோம். வழியில் ஸ்ரீபெரும்புதூரில் டீ வாங்கித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

வீட்டில் அவனுக்கு இட்லி வைத்துக்கொண்டே மனைவி விசாரித்தாள். உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் ஓர் அறை. ஒரே ஊர்க்காரர்கள் மூன்று பேர், ஒரே கம்பெனி. ஒருவன் ஏ ஷிஃப்டில் இருந்தால் அடுத்தவன் பி, மற்றவன் சி. வாரம் மாறினாலும் அப்படித்தான். "கட்டில் ஒண்ணுதாம்லா, அக்கா. மாத்தி மாத்திப் படுத்துக்கிடுவோம்."

அவள் இட்லிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் வரைபடத்தாளில் பஸ் நேரங்களைக் கோடு கோடாகக் கிழித்தும் பிடிபடாத அந்த 'சிஸ்டம்' அவளுக்கு அந்த ஒரு கட்டிலில் பிடிபட்டுவிட்டது. எந்த பஸ் எந்த நேரம் வந்தாலும், அதையொட்டி அந்த மூவரில் ஒருவன் கிளம்பிக்கொண்டிருப்பான், இல்லாவிட்டால் திரும்பிக்கொண்டிருப்பான்.

அந்த வாரமே மூவரும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார்கள். பாதி வாடகை, பதிலுக்கு கேட் அவர்கள் பொறுப்பு. தங்கியது தெருவைப் பார்த்த அறையில். என் புத்தகங்கள் பரண் ஏறின. சாவி என் இடுப்பிலிருந்து ஆணிக்குப் போயிற்று. அதன்பின் ஒருவர் கூட பஸ்ஸைத் தவறவிடவில்லை.

லீவில் இன்னும் பத்து நாள் மிச்சம். நான் கனவு கண்ட ஓய்வு அட்சரம் பிசகாமல் வந்து சேர்ந்துவிட்டது: கையில் வேலையில்லை, வருமானம் வருகிறது. பரணிலிருந்து ஒரு புத்தகத்தை இறக்கினேன். பத்து நாளில் பதினொரு பக்கம். ஹாரன் கேட்டால் எழுந்து கேட்டுக்குப் போவேன். "நீங்க படுங்க அண்ணாச்சி, நாங்க இருக்கோம்லா" என்பான் மொபெட்காரன். நான்காம் நாள், எந்தக் கம்பெனி பஸ் எத்தனை நிமிடம் லேட் என்று குறித்துவைக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

கடைசித் தேதியன்று படிவத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். எல்லாம் நிரப்பியாயிற்று. 'ஓய்வுக்குப் பின் செய்ய உத்தேசித்துள்ள தொழில்' என்ற கட்டம் மட்டும் காலி.

"சொந்தத் தொழில்னு போடு சார்," என்றார் குமாஸ்தா. "வூட்லயே ஸ்டாண்டு கீதில்ல?"

இருக்கிறது. என்னை எடுத்துவிட்ட பிறகு நன்றாக நடக்கிறது. அதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதாது. கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடி அவரிடமே கொடுத்தேன். மறுநாள் பி ஷிஃப்டுக்கு வருவதாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், மனைவியிடம் விஷயத்தைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துச் சொன்னேன். இத்தனை வருடம் பழகிய இடம், ஸ்டோர்ஸில் எது எங்கே இருக்கிறது என்று என்னைவிட்டால் யாருக்கும் தெரியாது, நட்டாற்றில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை என்றேன். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அது சரி. நீங்க கையெழுத்து போட்டுட்டு வந்திருந்தாலும் ஸ்டாண்டுல உங்கள சேத்திருக்க மாட்டேன். ட்யூட்டில தூங்கற ஆளு."