கண் தெரிந்தும் மனம் தளராத நிருபர்

இத்தனை வருஷ பத்திரிகை வேலையில் என்னைப் பற்றி வந்த ஒரே செய்தி அதுதான். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பத்திரிகை நிருபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் போனை என் காதில் வைத்தார். செய்தி வாசிக்கிற கம்பீரத்தோடு ஒரு குரல்:

"இரண்டு கண்களும் நன்றாகத் தெரிந்தபோதிலும் மனம் தளராத நிருபர் ராமலிங்கம்! தினமும் தன்னந்தனியாக பஸ் ஏறுகிறார். யார் துணையும் இன்றித் தானே சட்டைப் பட்டன் போட்டுக்கொள்கிறார். இவரது தன்னம்பிக்கையைக் கண்டு ஊரே கண்கலங்குகிறது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குரல் யாருடையது என்று விசாரித்தேன். போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சண்முகம். அவரும் பார்வையற்றவர். சேலம், நாமக்கல் பக்கத்துப் பார்வையற்றவர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின். காலையில் பத்திரிகையைப் போன் வாசிக்கக் கேட்டுவிட்டு, தங்களைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்று அக்குவேறு ஆணிவேறாக அலசுவது அந்த குரூப்பின் வழக்கம்.

நேரே கடைக்குப் போனேன்.

"ஏனுங்க, என்னைய நக்கல் பண்றீங்களா?"

"நக்கல் எங்கீங்க?" என்று சிரித்தார் சண்முகம். " கோமதி டீச்சரைப் பத்தி நீங்க எழுதுனதுதானுங்க. பேரை மாத்துனோம், கண்ணு தெரியாததைத் தெரிஞ்சதாக்குனோம், பொடவைய பட்டனாக்குனோம். மத்ததெல்லாம் உங்க வரிதானுங்க."

கோமதி டீச்சர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவர், பார்வையற்றவர். போன வாரம்தான் எழுதியிருந்தேன். 'தானே புடவை கட்டிக்கொள்கிறார்' என்பது என் வரிதான்.

"நல்லவிதமாத்தானுங்களே எழுதினேன்?"

சண்முகத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. "அதைப் படிச்சுப்போட்டு பெத்தவங்க நாலு பேரு ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. 'அந்தம்மாவே இத்தனை செரமப்படுது, எங்க புள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கும்'னு. ஆறு வருசமா எடுத்துட்டிருந்த பத்தாம் வகுப்பை டீச்சர்கிட்ட இருந்து புடுங்கப் போறாங்க. திங்கக்கிழமை முடிவு பண்றாங்களாம்."

அன்று வியாழன். சண்டை போட வந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். டீச்சர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே சொன்னனுங்க சார், பாடம் நடத்துறப்ப போட்டோ எடுங்கன்னு. நீங்கதான் 'அதுல கண்ணு தெரியாதுன்னு தெரியாதுங்க டீச்சர்'னு சொல்லி, கைக்குச்சியோட மரத்தடியில நிக்க வெச்சீங்க."

சொன்னேன். நாங்கள் இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லுவோம்.

ஒரு மணி நேரம் பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த வகுப்பில் பதில் தெரிந்தவர்கள் கை தூக்குவதில்லை. தங்கள் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள். ஒருவன் பாடத்தை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் தப்பைப் பிடிக்க வேண்டும். மொத்த வகுப்பும் கூச்சமில்லாமல் இங்கிலீஷ் பேசியது. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, டீச்சர் என்னை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னபோது. நான்கு தப்புப் பிடித்தார்கள்.

புதுச் செய்தியை எழுதியதும் சண்முகத்தின் குரூப்பில் வாசித்துக் காட்டினேன். என் எடிட்டர்கூட அப்படி வெட்டியதில்லை. 'தன்னம்பிக்கை' போனது. 'இருள் சூழ்ந்த' போனது. தம்மம்பட்டிக்காரர் ஒருவர் கேட்டார்: "பார்வையற்றவர் ஆனாலும் நன்றாகப் பாடம் நடத்துகிறார்னு போட்டிருக்கீங்க. அந்த 'ஆனாலும்' எதுக்கு?" அதுவும் போனது. டீச்சர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பது மட்டும் மிஞ்சியது.

ஆபீசில் எடிட்டர் போட்டோவைப் பார்த்தார். டீச்சர் நடுவில் சிரிக்கிறார், சுற்றிலும் முப்பது வாய் திறந்திருக்கிறது.

"என்னப்பா இது? டீச்சருக்குக் கண்ணு தெரியாதுன்னே இதுல தெரியலையே?"

"அதுதான் சார் செய்தி."

முனகிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை போட்டார். திங்கட்கிழமை புகார் சொன்னவர்களில் ஒருவர் பள்ளிக்குப் பேப்பரோடு வந்தாராம். "எம் பையன் இங்கிலீசுல வாயைத் தொறந்து இப்பத்தானுங்க பாக்கறேன். டீச்சரையே எடுக்கச் சொல்லுங்க." மற்ற மூவரும் வரவே இல்லை. பத்தாம் வகுப்பு கோமதி டீச்சரிடமே இருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாரைப் பற்றி எழுதினாலும், அச்சுக்கு அனுப்பும் முன் அவர் பேரை எடுத்துவிட்டு உங்கள் பேரைப் போட்டு உரக்கப் படியுங்கள். சிரிப்பு வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். நீங்கள் அடிக்காவிட்டால் சண்முகம் வாசித்துவிடுவார்.