இரண்டு முடியோடு ஒரு வருஷம்

என் தலைமுடி கொட்டவில்லை, உடைகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு அடுத்த போர்டில் உட்கார்ந்திருந்த அக்காதான்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டர். வீடு திண்டிவனத்தில். காலைப் பாசஞ்சர் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வோர் இடமாக நின்று விழுப்புரம் போய்ச் சேரும். ஆபீசில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஹெட்செட் உண்டு. உச்சந்தலைக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, அதன் முனையில் காதுக்கும் வாய்க்குமான குழல்கள். எட்டு மணி நேரம் அது தலையில் இருக்கும்.

அன்று டூட்டி முடிந்து ஹெட்செட்டைக் கழற்றினேன். அக்கா என் தோளிலிருந்து நாலைந்து முடித்துண்டுகளை எடுத்து, டிரங்க் கால் பதிவு செய்யும் வெள்ளைச் சீட்டின் மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை.

"இத பாரு. முடி கொட்டுனா அடியில வெள்ளையா ஒரு முண்டு இருக்கும். இதுல ஒண்ணுத்துலயும் இல்ல. இது கொட்டல, ஒடையுது. தலைக்கு இன்னா போடுற நீ?"

நான் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டேன். என்ன போடுகிறேன் என்பது என் அம்மாவுக்கும் பாண்டிச்சேரியில் இருந்த பெரியம்மா மகளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. அலை அலையான முடி இல்லை, பென்சிலைச் சுற்றிவிட்டது போல நெருக்கமான சுருள். பள்ளிக்கூடத்தில் 'தேங்காநாரு' என்று கூப்பிடுவார்கள். அம்மாவுடைய முடி நூல் போல நேராகத் தொங்கும். அதனால் என் தலையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு, காய்ந்த பிறகு நெருக்கப் பல் சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பாள். நான் அழுவேன். "இது தலையா, முள்ளுக்காடா" என்பாள். அவளுக்கும் கை வலிக்கும்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் பெரியம்மா மகள் பாண்டிச்சேரியில் தன் வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் ஆரம்பித்தாள். அவளுடைய நாத்தனார் பிரெஞ்சுக்காரர்களின் ரியூனியன் தீவில் இருந்தார். அந்த ஊரில் சுருட்டை முடிக்காரர்கள் முடியை நேராக்கப் பூசிக்கொள்ளும் கிரீம் என்று அவர் டப்பா டப்பாவாக அனுப்பிவைத்தார். டப்பாவின் மேல் எல்லாம் பிரெஞ்சில் எழுதியிருக்கும். எங்கள் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது.

முதல் தடவை பூசியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கைத் துளைக்கிற நெடி, பிறகு மண்டையில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். அலசித் துவட்டிவிட்டு அவள் சீப்பை எடுத்தாள். உச்சியில் வைத்த சீப்பு எங்கும் நிற்காமல் இடுப்புவரை இறங்கியது. என் வாழ்நாளில் அப்படி நடந்ததே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, திண்டிவனம் வரும்வரை முடியைக் காற்றில் விட்டுக்கொண்டு வந்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பூசிக்கொண்டு வருவேன். அப்படி ஒன்றரை வருஷம். அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருடைய அம்மா என் ஜடையைக் கையில் எடுத்து, "முடி பட்டாட்டம் இருக்குது" என்றார். அம்மா தரையைப் பார்த்தாள். நானும்தான். ஆனி மாதம் நிச்சயம் ஆனது, தை மாதத்தில் கல்யாணம்.

அக்கா முடித்துண்டுகளைக் காட்டியது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

அடுத்த ஞாயிறே பாண்டிச்சேரிக்குப் போனேன். பெரியம்மா மகள் என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துண்டைக் கட்டினாள்.

"அடியில சுருட்ட மொளச்சிடுச்சி, அதான். பாதி சுருட்ட, பாதி நீட்டு, ரெண்டும் சேர்ற எடத்துல வெடுக்குனு போவுது. இன்னொரு தடவ போட்டா எல்லாம் சரியாப் பூடும்."

வகிடு எடுப்பதற்காகச் சீப்பை வைத்தாள். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கொத்து முடி அப்படியே சீப்போடு வந்துவிட்டது. வலிக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"வேணாங்க்கா," என்று எழுந்துவிட்டேன். அவளும் வற்புறுத்தவில்லை.

அடுத்த நாள் ஆபீசில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர், எதையும் அலட்டிக்கொள்ளாமல் செய்கிறவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கிழித்து, என் ஹெட்செட் பட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஊசி நூலால் தைத்துக் கொடுத்தார். "ஒடைஞ்சது ஒட்டாது. இருக்கறத காப்பாத்து" என்றார். நான் முடியில் கட்டியிருந்த ரப்பர் பேண்டையும் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

வீட்டில் அம்மாவும் நானும் ஒவ்வொன்றாகத் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டோம். காய்ந்த முடியில் சீப்புப் பட்டால் தென்னந்துடைப்பத்துக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கையை எடுத்துவிடுவாள். ஒரு ஞாயிறு செம்பருத்தி இலையை அரைத்து என் தலையில் பூசியிருந்தாள். அலசுவதற்கு முன்னால் கொழகொழவென்று இருக்கும்போதே சிக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். சிக்கு தானாக அவிழ்ந்தது.

"ஏய், இத்தன வருஷமா நாம காய வெச்சிக்கினு இழுத்துட்டோம்டி," என்றாள். "ஈரத்துலயே எடுத்திருக்கணும்."

அன்றிலிருந்து சிக்கெடுப்பது ஈரத்தில் மட்டும். முதலில் விரல், அப்புறம் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து மேலே. அகலப் பல் சீப்பு கிடைக்கவில்லை. அம்மா இருந்த சீப்பை எடுத்து, பாக்குவெட்டியால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல்லை நறுக்கி, கரகரப்பைத் தரையில் தேய்த்துக் கொடுத்தாள். தலையணையில் தினமும் காலையில் முடித்துண்டுகள் ஒட்டியிருந்ததைப் பார்த்து, நைந்துபோன தன் கல்யாணப் பட்டுப்புடவையைக் கிழித்து உறை தைத்தாள். அந்த உறையில் துண்டுகள் குறைந்தன. மாதத்துக்கு ஒருமுறை தையல் கத்தரிக்கோலால் நுனியில் ஒரு விரல்கடை வெட்டுவாள்.

பார்க்க நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். உச்சியில் ஒரு விரல் உயரத்துக்குப் புதர், அதற்குக் கீழே தட்டையான முடி நூல் நூலாகத் தொங்கும். இரண்டு பேருடைய முடியை ஒரே தலையில் வைத்த மாதிரி. ரயிலில் எதிரில் உட்கார்ந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒருமுறை பார்ப்பார்கள். நான் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொள்வேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனசு அங்கே போய்விடுகிறது. கிணற்றடித் துவைகல்லில் நான் உட்கார்ந்திருப்பேன், அம்மா பின்னால் நிற்பாள். சிக்கெடுத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். சின்ன வயதில் அதே இரண்டு மணி நேரம் எங்களுக்குள் சண்டையாகத்தான் போயிருந்தது. இப்போது அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஒலக்கூரில் பிறந்த வீட்டில் கேப்பை அறுவடைக்குப் போனது, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபோது மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தது. அதையெல்லாம் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மாப்பிள்ளை எங்கள் ஆபீசுக்கு வந்தார். மெட்ராசில் இருக்கும் அண்ணனுக்கு டிரங்க் கால் புக் பண்ண வந்ததாகச் சொன்னார். அக்கா என் முதுகில் தட்டி, "போய் சொல்லிட்டு வா, போர்ட நான் பாத்துக்கறேன்" என்றார்.

வாசல் வேப்பமரத்தடியில் நின்றோம்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லுங்க."

"நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப பாத்தது என் முடி இல்லீங்க."

அவர் என் தலையைப் பார்த்தார். "சவுரியா?"

"இல்லீங்க. முடி என்னுதுதான். மருந்து போட்டு நீட்டினது. நெஜத்துல எனக்கு சுருட்ட முடி. இப்ப மருந்த நிறுத்திட்டேன், நீட்டு முடி ஒடைஞ்சிக்கினே வருது. கல்யாணத்தப்ப பாதிதான் இருக்கும்."

"போடும்போது எரியுமா?" என்று கேட்டார்.

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. "எரியுங்க," என்றேன்.

"அப்ப இனிமே போடாதீங்க. அம்மாகிட்ட நான் சொல்லட்டா?"

"வேணாங்க. நானே வந்து சொல்றேன்."

அந்த வாரமே அம்மாவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வருங்கால மாமியார் முழுதும் கேட்டார். கோபம் வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"முடிக்காவ நாங்க ஒத்துக்கல. ஆனா தொட்டுப் பாத்து நல்லாருக்குதுன்னு சொன்னனே, அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "தப்பு என்னுதுங்க. சின்னதுலேர்ந்து இவ முடியத் திட்டிக்கினே இருந்தவ நான்தான். பேஜாரு பேஜாருன்னு சொல்லிச் சொல்லியே இவள அங்க அனுப்பிட்டேன்."

அம்மா அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமியாருக்கு அப்போதைய கவலை பூஜடை. அவர்கள் வீட்டில் மணப்பெண்ணுக்குப் பூஜடை வைத்துத் தைப்பது வழக்கம். அந்தக் கனத்தை என் முடி தாங்காது என்று அம்மா சொன்னாள். அவர் உள்ளே போய், காபியோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சின்னதா கொண்டை போட்டு பூவ சுத்திக்கலாம். யாராவது கேட்டா டைபாய்டு வந்து முடி போச்சின்னு சொல்லிக்கறேன்."

அப்படித்தான் சொன்னார். கல்யாணத்தன்று முன்பின் தெரியாத அத்தைகள் எல்லாம் என்னிடம் வந்து, கஞ்சி குடி, உடம்பு தேறிடும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். போட்டோவில் என் கொண்டை ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான் தெரியும், மீதியெல்லாம் மல்லிகை.

விழுப்புரத்தில் குடித்தனம் வந்த பிறகு தலையை நானே பார்த்துக்கொண்டேன். அடுத்த ஆடியில் சுருட்டை காதைத் தாண்டி இறங்கியிருந்தது, நேரான முடி நுனியில் நாலு விரல்தான் மிச்சம். ஒரு நாள் ஆபீஸ் ஓய்வறையில் அக்காவிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். "நெஜமாவா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு தலையை நனைத்து, ஒவ்வொரு கொத்தாகப் பிடித்து, சுருள் முடிகிற இடம் பார்த்து வெட்டினார். வெட்ட வெட்ட முடி மேலே சுருண்டு ஏறியது. கழுத்துக்குக் காற்று பட்டது. அன்று சாயங்காலம் கணவர் பார்த்துவிட்டு, "இதான் நீயா?" என்று கேட்டுச் சிரித்தார். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் கையால் ஒரு முழம் கதம்பம் வாங்கிவந்து, அதை எங்கே செருகுவது என்று தெரியாமல் என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அடுத்த ஞாயிறு திண்டிவனம் போனேன். அம்மா செம்பருத்தி இலையை அரைத்து வைத்திருந்தாள். பூசினாள், விரலை விட்டாள். கால் மணி நேரத்தில் சிக்கெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஒரு முடிகூட ஒடியவில்லை. இருவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா உள்ளே போய் ஒரு முறம் மல்லாட்டைக் கடலை எடுத்துவந்து நடுவில் வைத்தாள். சாயங்கால ரயிலுக்கு நேரம் ஆகும்வரை உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம்.