திரேசா அக்கா சாட்சி சொன்ன நாள்

திரேசா அக்கா போய்விட்டார் என்ற செய்தி தொழிற்சாலையின் தேநீர் இடைவேளையில் வந்தது. வான் ஓட்டும் அந்தோனி அண்ணை வாசலில் நின்றபடி, "அக்கா விடியவே போயிட்டாவாம், பிள்ளையள்" என்றார். சில மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் நண்டுச் சதை பிரிக்கும் மேசையில் அன்று பாதித் தட்டுகள் நிரம்பாமலே கிடந்தன. பிற்பகல் அதே வானில் விடத்தல்தீவுக்குப் போய், கோயிலடியில் அவரை அடக்கம் செய்யும்வரை நின்றோம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று அவரது மகள் கேட்டார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. வலக்கையில் மூன்று விரல்களே இருப்பதால் எழுத்தும் கோணலாக வரும். "அந்தக் கையாலை எழுதினாத்தான் அம்மாவுக்குச் சரி, நஸீமா அக்கா" என்றார் அவர். மறுக்க முடியவில்லை.

அக்காவின் குரல் உங்களுக்குத் தெரியும். முப்பது பெண்கள் வேலை செய்யும் மண்டபத்தில் அவர் மேற்பார்வையாளர். நகம் வளர்ந்திருந்தால் கத்துவார், ஓடு கலந்த சதை தட்டில் கிடந்தால் இன்னும் கூடக் கத்துவார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் மறந்து, "ஆரிட்டை வெத்திலை இருக்கு?" என்று வந்து நிற்பார். மன்னார் தீவின் தாராபுரத்திலிருந்து நான் முதல்நாள் வேலைக்குப் போனபோது மத்தியானத் தொழுகைக்கு இடம் கேட்கத் தயங்கி நின்றேன். அவர் பொதி அறையில் இருந்த பெட்டிகளைத் தானே தள்ளி வைத்து, "இஞ்சை தொழு. கெதியா வா, நண்டு உனக்காகப் பாத்துக்கொண்டிராது" என்றார்.

அடுத்த வருடம் என் கை அகப்பட்டது. சதை நிரப்பிய டப்பாக்களுக்கு மூடி அழுத்தும் இயந்திரம் அது. கை உள்ளே போகாதபடி முன்னால் ஓர் இரும்புத் தகடு இருக்க வேண்டும். தகடு இருந்தால் டப்பா அடிக்கடி சிக்கியது. அதனால் இயந்திரம் திருத்துபவர்கள் அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். சரிந்த டப்பா ஒன்றை நேராக்கக் கை நீட்டினேன். வலி பிறகுதான் வந்தது. அக்கா ஓடி வந்து இயந்திரத்தை நிறுத்தியதும், தன் ஏப்ரனைக் கிழித்து என் கையைச் சுற்றியதும் நினைவிருக்கிறது.

மன்னார் ஆஸ்பத்திரியில், எங்களோடு வந்த தொழிற்சாலைக் கந்தோர் உத்தியோகத்தர் டொக்டரிடம், "வீட்டிலை தேங்காய் உடைக்கேக்கை நடந்தது" என்றார். நான் வாய் திறக்கும் நிலையில் இல்லை. அக்கா அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இல்லை டொக்டர். வேலை நேரத்திலை, தொழிற்சாலையிலை, மூடி அடிக்கிற மெசினிலை. நான் பக்கத்திலை நிண்டனான். அப்பிடியே எழுதுங்கோ."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அக்கா சொன்னதை எழுதினார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு முகாமையாளர் பழக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தகட்டை நானே கழற்றினேன் என்று நான் எழுதியதுபோல ஒரு கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்து வைத்தால் வேலையும் இருக்கும், உதவியும் செய்வோம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். உம்மா அழுதுகொண்டே, "வெச்சிடு மகள், வம்பு வேணாம்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

அன்று மாலை அக்கா வந்து கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "தகட்டைத் தொழிலாளி தானாக் கழட்டினதெண்டா நட்டஈட்டை மறுக்கப் பாப்பினம். அதுக்குத்தான் இந்தக் கடிதம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கென்ன அக்கா, போனது உங்கட விரல் இல்லையே" என்றேன்.

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில் தம்பி கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்தார். வேலைக்குக் கூட்டிப்போன கொந்தராத்துக்காரர் அவரை முகாம் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். "ஒரு இடத்திலையும் ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை. பிறகு போய்க் கேட்டா, அப்பிடி ஒரு ஆளே வேலைக்கு வரேல்லையாம். அவன் இண்டைக்கும் நிமிந்து நடக்கிறேல்லை, நஸீமா. அவங்கள் செய்யிற உதவியை வாங்கு. உன்ர உரிமையை எழுதிக் குடுக்காதை."

கையெழுத்து வைக்கவில்லை. அரசாங்கத் தொழில் கந்தோருக்கு என்னை அவரே கூட்டிப் போனார். வேலையில் நடந்த காயத்துக்கு நட்டஈடு கேட்பது பிச்சையல்ல, அதற்கென்று ஒரு சட்டமே இருக்கிறது என்று அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். படிவம், காயத்தை மதிப்பிடும் வைத்திய சபை, கடிதங்கள் என்று ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. ஒவ்வொரு தரமும் அக்கா தன் லீவை எடுத்துக்கொண்டு கூட வந்தார். வழியெல்லாம் பஸ்ஸில் நித்திரை கொள்வார். இறங்கும் இடம் பார்ப்பது என் வேலை.

விசாரணை நாளில் முகாமையாளர் எங்களுக்கு எதிரே இருந்தார். தகட்டை நான்தான் கழற்றினேன் என்று அவர் சொல்லி முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னார்.

"கழட்டினது இவ இல்லை, ஐயா. அது ஒரு மாதமாச் சுவரிலை சாஞ்சு கிடந்தது. எனக்குத் தெரியும். வேலை கெதியா முடியட்டுமெண்டு மெசினை ஓட விட்டது நான்தான். நான் நிப்பாட்டியிருந்தா இவவின்ர விரல் இருந்திருக்கும். அதையும் எழுதுங்கோ."

அவர் தெரிந்தே ஓட விட்டது எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை நாளும் அவர் என் பின்னால் அலைந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. திரும்பிவரும் வழியில் அவர் நித்திரை கொள்ளவில்லை. "கோவமோ?" என்று கேட்டார். கொஞ்சம் இருந்தது. "ஓம்" என்றேன். "அது சரிதான்" என்றார். பேசாலைப் பக்கம் போகும் மீன் லொறி ஒன்று எங்களைக் கடந்து போனது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஏன் சிரித்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நட்டஈடு கிடைத்தது. தகடும் இயந்திரத்தில் ஏறியது. எனக்குச் சதை நிறுக்கும் நிறுவைப் பகுதியில் வேலை தந்தார்கள். அக்காவின் மேற்பார்வையாளர் பதவியைப் பறித்து, எங்களோடு மேசையில் நண்டு பிரிக்க விட்டார்கள். ஓடு கலந்து கலந்து வரும் அவரது தட்டைப் பார்த்து முப்பது பேரும் கத்தினோம். அவரும் சேர்ந்து கத்தினார். எட்டு மாதத்தில், அவர் இல்லாமல் மண்டபம் நடக்காது என்று கண்டு திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டுக்கு வந்து, "எட்டு விரலாலை செய்த வட்டிலப்பம் எங்கை?" என்பார். அப்படிக் கேட்க அவர் ஒருவருக்குத்தான் அனுமதி.

போன கிழமை நிறுவைப் பகுதியில் நான் தரையைக் கழுவிவிட்டு, துடைக்காமல் போய்விட்டேன். என்னோடு வேலை செய்யும் ஜெயந்தி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. செருப்புச் சரியில்லை என்று நாலு பேர் அவளையே குறை சொன்னார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கந்தோருக்குப் போய் விபத்துப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொல்லி, ஈரத் தரையை விட்டுப் போனது நான் என்று என் கோணல் எழுத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிறகு ஜெயந்தியிடம் போய் அதைச் சொன்னேன். அவள் என்னைக் கண்டபடி ஏசினாள். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திரேசா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்.