என் பங்கு வலை

எங்கள் மயிலாப்பூர்க் குப்பத்தில் மதியத்தில் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பின்னியாக வேண்டும். என் பங்கையும் அப்பாவே மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் கதை எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வார்.

குப்பத்து விலாசத்தில் அனுப்பிய கதைகளெல்லாம் திரும்பி வந்தன. மாட வீதி நண்பன் வீட்டு விலாசம் போட்டதும் ஒன்று அச்சாகிவிட்டது. என்னைச் சாந்தோம் கடற்கரையில் சந்திப்பதாகப் பத்திரிகை ஆசிரியர் கார்டு போட்டார். அதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். சொன்னபடி டிராமில் வந்து இறங்கினார்.

வெளுத்த வேட்டியில், மாட வீதிப் பிள்ளை போலவே பேசிக்கொண்டிருந்தேன், பெரிய எழுத்தாளன்! அப்போது அப்பா வந்துவிட்டார். மகன் கதையைப் போட்டவருக்கென்று, ஓலையில் சுற்றிய வஞ்சிரம் மீன் கையில்.

ஆசிரியர் இரண்டடி பின்வாங்கினார். “யார் இது?”

“தெரியலையே சார்” என்றேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரிடம், “மன்னிச்சிக்கோ சாமி, வேற ஆளுன்னு நென்ச்சி வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு மீனோடு திரும்பி நடந்தார்.

மறுநாள் மதியமும் அப்பா என் பங்கு வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னாடா, சும்மா குந்திக்கினு கீறே? எழுது.”

அன்றிலிருந்து குப்பத்து விலாசத்தில்தான் அனுப்புகிறேன். பெரும்பாலும் திரும்பி வருகின்றன. என் பங்கை நானே பின்னி முடித்த பிறகுதான் இப்போது எழுத உட்காருகிறேன். ஆனாலும் அந்தப் பொய்யை எழுத இத்தனை நாள் கை வரவில்லை. இன்று எழுதிவிட்டேன். படித்துக் காட்ட அப்பா இல்லை.